உறைந்த விண்டோவும் ரீச்சரின் பெட்டியும்

பைதனில் ஒரு விண்டோ போட்டு, அதில் ஒரு பட்டன் வைத்து, அதை அமத்தினால் ஒரு வேலை நடக்கிற மாதிரிச் செய்ய ஒரு பின்னேரம் போதும். யூடியூப்பில் ஒரு வீடியோ பார்த்தாலே செய்து முடிக்கலாம். அந்த வேலை கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடிகிறதென்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. பத்து செக்கன் எடுக்கிற வேலையாக இருந்தால்தான் கதை தொடங்கும். வீடியோக்கள் பெரும்பாலும் அந்த இடத்துக்கு வர முதலே முடிஞ்சிடும்.

இந்தக் கட்டுரை அந்தப் பத்து செக்கனைப் பற்றியது. புரோகிராம் எழுதாத ஆக்களும் வாசிக்கட்டும் என்று ஒரு வரி கோட்டும் போடாமல் எழுதுகிறோம். பயப்படாமல் வாங்கோ.

நாங்கள் நாலு பேர். திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வீட்டின் முன் அறைதான் எங்கட இடம். சனி, ஞாயிறுகளில் பழைய கடதாசிகளை ஸ்கேன் பண்ணுகிறோம். பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், நாடக அழைப்பிதழ், வாசகசாலை அறிக்கை, கையெழுத்துச் சஞ்சிகை எல்லாம் வரும். இந்த ஊரில் கடதாசிக்கு எதிரிகள் அதிகம். உப்புக் காத்து, செல், இராமபாணப் பூச்சி, மாரி மழை. அதோட 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிற ‘மோகனாங்கி’யை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை எங்கட ஊர்க்காரர். அந்தப் புத்தகத்தையே எங்களில் பலர் பெயரளவில் மட்டும்தான் தெரிந்து வளர்ந்தோம். அதன் நிலையே அப்படியென்றால் ஒரு பள்ளிக்கூட மலருக்கு என்ன கதி?

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஆயிரக்கணக்கான ஈழத்து வெளியீடுகளைப் படமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எங்களுக்கு அதைப் பார்த்து வந்த ஆசைதான். ஆனால் படமாக இருக்கிற பக்கத்துக்குள்ள ஒரு பெயரைத் தேட முடியாது. தேடவேண்டுமென்றால் படத்தில் இருக்கிற எழுத்தை வாசித்து டெக்ஸ்டாக மாற்றவேண்டும். அதுக்கு டெசரெக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1980களில் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளியே வந்து, பிறகு கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. தமிழும் வாசிக்கும். ஈய அச்சில் மை பரவிய பழைய பக்கங்களில் ‘ண’வும் ‘ன’வும், ‘ர’வும் துணைக்காலும் குழம்பும். ஆனாலும் ஒன்றும் இல்லாததுக்கு இது எவ்வளவோ மேல்.

டெசரெக்ட்டுக்கு விண்டோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் ஓட்டவேண்டும். எங்களுக்கு அது சரி. ஆனால் அந்தக் கடதாசிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் நாங்கள் இல்லையே. கலங்கிப்போன ஒரு குழுப் படத்தைப் பார்த்து “இது இன்னார், இவர் பிறகு கனடா போட்டார்” என்று சொல்லக்கூடியவர் எங்களுக்குப் பெட்டி பெட்டியாகக் கடதாசி தந்த ஓய்வுபெற்ற ரீச்சர். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கமாட்டார். அதனால் ஒரு விண்டோ வேண்டும்.

அந்த விண்டோ எங்கட கைக்கு வரும்போது ஏற்கனவே இருந்தது. முன்னர் எங்களோட இருந்து பிறகு வெளிநாடு போன ஒருவர் எழுதியது. பைதனோட சேர்ந்தே வருகிற டிகின்டர்தான் அடிப்படை. போல்டரைத் தெரிவு செய்து ‘வாசி’ என்ற பட்டனை அமத்தினால் ஒவ்வொரு பக்கமாக வாசித்து, இடது பக்கம் படமும் வலது பக்கம் டெக்ஸ்டுமாகக் காட்டும். எங்கட பழைய லப்டொப்பில் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து செக்கன் எடுக்கும்.

இப்ப என்ன நடக்கும் என்று பாருங்கள். ரீச்சர் ‘வாசி’யை அமத்துவார். பட்டன் அமத்தினபடியே நிற்கும், மேல வராது. ஐந்து செக்கன் போனதும் விண்டோ வெளிறிப்போய், தலைப்பில் “பதிலளிக்கவில்லை” என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒன்று வரும். ஐந்து செக்கனுக்கு ஒரு விண்டோ தனக்கு வந்த செய்திகளைக் கவனிக்காவிட்டால் அது செத்துப்போச்சு என்று விண்டோஸ் முடிவு கட்டுகிறது. உண்மையில் உள்ளே டெசரெக்ட் ஒழுங்காக வாசித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ரீச்சருக்கு அது எப்படித் தெரியும்? கையை எடுத்து மடியில வைத்துக்கொண்டு, “பிள்ளையள், நான் எதையோ பழுதாக்கிப்போட்டன் போல கிடக்கு” என்றார்.

ரெண்டு மூன்று தரம் இப்படி ஆனபிறகு அவர் கொம்பியூட்டருக்குக் கிட்ட வருகிறதையே குறைத்துவிட்டார். “நீங்களே செய்யுங்கோ, நான் பக்கத்தில இருந்து சொல்லுறன்” என்பார். பெட்டியில் இன்னும் இருநூறு பக்கத்துக்கு மேல இருந்தது. அதில் இருக்கிற ஆக்களைத் தெரிந்த ஒரே ஆள் கதிரையைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். பதினைந்து செக்கன் எங்களுக்குப் பொறுக்கும். ஒரு மனுசி தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு ஒதுங்குகிறது பொறுக்கவில்லை. அதுதான் நாங்கள் த்ரெட் பக்கம் போன காரணம்.

விண்டோ ஏன் உறைகிறது என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டிகின்டரில் மெயின்லூப் என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மவுஸ் அசைந்ததா, பட்டனை அமத்தினார்களா, விண்டோவைத் திரும்ப வரையவேண்டுமா என்று வருகிற ஒவ்வொரு சேதியையும் ஒவ்வொன்றாக எடுத்து, அதுக்குரிய வேலையைச் செய்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். ஒரே ஒரு ஆள்தான் கவுண்டரில். ‘வாசி’ பட்டனுக்குரிய வேலை பதினைந்து செக்கன் எடுத்தால் அந்த ஆள் பதினைந்து செக்கனும் கவுண்டரில் இல்லை. பின்னால் வந்த சேதியெல்லாம் வரிசையில் நிற்கும். விண்டோ வெளுக்கும்.

அப்ப இன்னொரு ஆளைப் பிடி. அந்த இன்னொரு ஆள்தான் த்ரெட். தமிழில் ‘இழை’ என்றும் எழுதுகிறார்கள், நல்ல சொல்தான். ஆனால் எங்கட அறையில் எல்லாரும் த்ரெட் என்றுதான் கதைப்போம். ஒரு புரோகிராமுக்குள்ளேயே இன்னொரு வேலையாள், அதே மேசை, அதே அலுமாரி. பைதனில் த்ரெட் தொடங்க ஒரு வரி போதும். ஏஐயிடம் கேட்டாலும் அந்த வரியை உடனே தரும். அதோட சேர்த்து, புது த்ரெட்டுக்குள் இருந்தே லேபிளை மாற்று, படத்தை மாற்று, முன்னேற்றக் கோட்டை நகர்த்து என்று பத்து வரியும் தரும். ஓட்டிப் பார்த்தால் ஓடும்! அதுதான் இதில் இருக்கிற விசம். முதல் நாள் ஓடும், காட்டிக்கொடுக்கிற நாளும் ஓடும். ரீச்சர் இருக்கேக்கதான் விழும்.

அந்தப் பத்து வரியில் என்ன பிழை? விண்டோவில் இருக்கிற எதையும் அதைத் தொடங்கிய த்ரெட் மட்டும்தான் தொடலாம். இது டிகின்டருக்கு மட்டும் உரிய சட்டம் இல்லை. கியூட்டி, ஜிடிகே, டபிள்யூஎக்ஸ் எல்லாவற்றிலும் இதேதான். ஏன் இப்படி ஒரு கட்டுப்பாடு, பூட்டுப் போட்டு எல்லா த்ரெட்டையும் தொட விட்டால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. செய்து பார்த்தவர்களும் உண்டு. ஜாவா உலகத்தில் அந்த முயற்சி ஏன் சரிவரவில்லை என்று சன் நிறுவனத்தின் கிரகாம் ஹமில்டன் 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் காட்டிய காரணம் எங்களுக்கு உடனே பிடிபட்டது. சேதிகள் கீழிருந்து மேலே வரும்: மவுஸ், இயங்குதளம், விண்டோ, கடைசியாக உங்கட புரோகிராம். உங்கட கட்டளைகள் மேலிருந்து கீழே போகும்: புரோகிராம், விண்டோ, இயங்குதளம். வழியில் கதவுக்குக் கதவு பூட்டு இருந்தால், மேலே வருகிறவர் கீழ்ப் பூட்டைப் பிடித்துக்கொண்டு மேல் பூட்டுக்குக் காத்திருப்பார். கீழே போகிறவர் மேல் பூட்டைப் பிடித்துக்கொண்டு கீழ்ப் பூட்டுக்குக் காத்திருப்பார். ஒரே ஒழுங்கைக்குள் எதிரெதிரே வந்த ரெண்டு லொறிதான்.

இன்னொரு சுவாரசியம். டிகின்டருக்கு அடியில் இருப்பது டிகே, அதுக்கும் அடியில் டிசிஎல் என்ற மொழி. ரெண்டையும் உருவாக்கியவர் ஜோன் ஊஸ்டர்ஹவுட். “பெரும்பாலான தேவைகளுக்கு த்ரெட் ஒரு மோசமான யோசனை” என்று 1990களின் நடுப்பகுதியில் ஒரு பேச்சுப் பேசிப் பெயர் எடுத்தவரும் அதே ஆள்தான். த்ரெட்டைச் சந்தேகத்தோட பார்த்த ஒருவரின் வீட்டு மாடியில்தான் நாங்கள் த்ரெட் கட்ட வெளிக்கிட்டிருக்கிறோம் என்று இதைத் தேடி வாசித்தபிறகு சிரித்துக்கொண்டோம்.

கைக்கு வந்த புரோகிராமில் ஏற்கனவே அரைகுறையாக ஒரு த்ரெட் பதிப்பும் இருந்தது. அதை ஓட்டியபோது ரெண்டு நோய் கண்டோம். ரெண்டும் பலருக்கு வருகிற நோய் என்பதால் விரிவாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, மூடும்போது தொங்கல். வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போது ரீச்சர் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அமத்துவார். மூட முதல் வேலைக்கார த்ரெட் முடிக்கும்வரை நில் என்று எழுதியிருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கு, இல்லையா? ஆனால் அந்த வேலைக்கார த்ரெட் அதே நேரம் “பக்கம் 12 முடிஞ்சது” என்று லேபிளை மாற்ற முயலுகிறது. வேறு த்ரெட்டிலிருந்து லேபிளைத் தொட்டால் டிகின்டர் என்ன செய்யும் தெரியுமா? அந்த வேண்டுகோளை மெயின் த்ரெட்டுக்கு அனுப்பிவிட்டு, அது செய்து முடிக்கும்வரை கூப்பிட்ட ஆளை நிற்க வைக்கும். மெயின் த்ரெட்டோ கவுண்டரை விட்டுவிட்டு வேலைக்காரன் முடிக்கட்டும் என்று வாசலில் நிற்கிறது. நீங்கள் சாப்பிட்டால்தான் நான் சாப்பிடுவன் என்று ரெண்டு பேரும் சொல்லிக்கொண்டு கோப்பை காயக் காய இருக்கிற நிலைமை. ஒரு பிழைச் செய்தியும் வராது. சும்மா அப்படியே நிற்கும். டாஸ்க் மனேஜரில் போய்க் கொல்லவேண்டும். கொன்றால், பாதி எழுதின பைல் பாதியிலேயே நிற்கும். ஒருநாள் காலையில் ரீச்சர் திருத்தித் தந்த பதினெட்டுப் பக்கம் இப்படிப் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினார்.

ரெண்டாவது நோய் கொஞ்சம் மாயமானது. ஒரு காரணமும் இல்லாமல் முழுப் புரோகிராமும் பட்டென்று மறையும். கறுப்புத் திரையிலிருந்து ஓட்டிப் பார்த்தால், போகிற போக்கில் ‘டிசிஎல் அசிங்க் டிலீட்’ என்று தொடங்கி, பிழையான த்ரெட் ஒன்றை அழித்துவிட்டது என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் செத்திருக்கும். நாங்கள் எழுதியதில் எங்கேயும் எதையும் அழிக்கவே இல்லை! தேடிப் பார்த்தால் காரணம் ‘அமைப்புகள்’ விண்டோ. அதைத் திறக்க இரண்டாவது டிகே ஒன்றையே புதிதாக உருவாக்கியிருந்தது. ஆரம்பத்தில் படிக்கிற ஆக்கள் அதிகம் செய்கிற வேலை அது. அந்த விண்டோவை மூடினபிறகு அது குப்பை. பைதனில் குப்பை அள்ளும் வண்டி எந்தத் தெருவில் எப்ப வரும் என்று யாருக்கும் தெரியாது. எந்த த்ரெட் ஓடிக்கொண்டிருக்கோ அதிலேயே அள்ளத் தொடங்கும். வேலைக்கார த்ரெட் ஓடேக்க வண்டி வந்தால், இரண்டாவது டிகேயை அந்த த்ரெட்டே அழிக்கும். டிசிஎல் அதைப் பொறுக்காது, முழுப் புரோகிராமையும் நிறுத்திவிடும். அமைப்புகளுக்கு டொப்லெவல் என்ற துணை விண்டோவைப் பாவித்தோம். வேலைக்கார த்ரெட்டின் கையில் விண்டோ சம்பந்தப்பட்ட ஒரு பொருளும் போகாமல் பார்த்துக்கொண்டோம். அதோட அந்த நோய் போனது.

மருந்து என்று பார்த்தால் அது மிகச் சின்னது. துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால்: உவர்மலையில் நின்று பார்த்தால் கப்பல் வருகிறது தெரியும். சீமெந்துக்கு வருகிறதோ, மா ஆலைக்குக் கோதுமை கொண்டு வருகிறதோ, எதுவானாலும் தான் நினைத்த நேரம் நேரே வந்து துறையில் கட்டாது. வெளியே நின்று வந்திட்டேன் என்று அறிவிக்கும். உள்ளே இருக்கிறவர்கள் தங்கட நேரம் பார்த்துப் பைலட்டை அனுப்பி உள்ளே எடுப்பார்கள். அவ்வளவுதான். வேலைக்கார த்ரெட் விண்டோவைத் தொடாது. “பக்கம் 12, டெக்ஸ்ட் இது” என்று ஒரு சீட்டு எழுதி ஒரு கியூவில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். மெயின் த்ரெட் நூறு மில்லி செக்கனுக்கு ஒருக்கா அந்தக் கியூவை எட்டிப் பார்த்து, இருக்கிற சீட்டை எல்லாம் எடுத்து, லேபிளையும் படத்தையும் தானே மாற்றும். கியூ என்றால் என்னவென்று 2022இல் பெற்றோலுக்கு நின்ற நாட்டுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் பைதனின் கியூவில் இடையில் புக முடியாது. ரெண்டு த்ரெட் ஒரே நேரத்தில் போட்டாலும் எடுத்தாலும் குழம்பாத மாதிரியே அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

எட்டிப் பார்க்கிறதுக்கு டிகின்டரில் ஆஃப்டர் என்று ஒன்று இருக்கிறது. இத்தனை மில்லி செக்கன் கழித்து இந்த வேலையைச் செய் என்று மெயின்லூப்பிடமே சொல்லி வைக்கிற வசதி. எட்டிப் பார்க்கிற வேலை முடியும்போது, அடுத்த முறை பார்க்கவும் தானே சொல்லி வைக்கும். ஒரு விசயம் கவனம்: சீட்டு இருக்கா என்று பார்க்கும்போது காத்திருக்காத வகை எடுப்பைப் பாவிக்கவேண்டும். சாதாரண எடுப்பைப் பாவித்தால், சீட்டு வரும்வரை மெயின் த்ரெட் கியூ வாசலில் நிற்கும். பிறகு பழையபடி வெள்ளை விண்டோதான்.

நிறுத்துகிறதும் இதே மாதிரி. பைதனில் ஒரு த்ரெட்டை வெளியிலிருந்து கொல்ல வழி இல்லை. முதலில் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. யோசித்தால் அது சரி. அது ஒரு பைலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கலாம், ஒரு பூட்டைப் பிடித்திருக்கலாம். அதனால் ஒரு கொடி: ‘நிறுத்து’ பட்டனை அமத்தினால் கொடி ஏறும். வேலைக்கார த்ரெட் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கொடியைப் பார்க்கும், ஏறியிருந்தால் தானே கையைக் கழுவிவிட்டு “முடிஞ்சது” என்று கடைசிச் சீட்டைப் போடும். பெருக்கல் குறியை அமத்தினாலும் இதேதான். உடனே மூடாது, “இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு மூடுறன்” என்று எழுதிக் காட்டும், கடைசிச் சீட்டு வந்ததும் மூடும். வாசலில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. டீமன் த்ரெட் என்று குறித்துவிட்டால் புரோகிராமோட சேர்ந்து தானே செத்துவிடும், கொடி எதுக்கு என்று கேட்பீர்கள். அது செத்துவிடும்தான், பாதி எழுதின பைலோட. போன பதினெட்டுப் பக்கத்தை நினைத்துக்கொண்டு நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அதோட, எழுதுகிறதை முதலில் ஒரு தற்காலிகப் பைலில் முழுதாக எழுதி, முடிந்தபிறகே பழைய பைலின் இடத்துக்கு ஒரே அடியாக மாற்றுகிறோம். நடுவில் கரண்ட் போனாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக இருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று பிழைகள். வேலைக்கார த்ரெட்டுக்குள் ஒரு பிழை வந்தால் அது மெயின் த்ரெட்டுக்கு வராது. கறுப்புத் திரையில் எழுதிவிட்டு அந்த த்ரெட் மட்டும் அமைதியாகச் சாகும். கறுப்புத் திரையே இல்லாமல் எக்ஸ்ஈ பைலாகக் கட்டிக் கொடுத்திருந்தால் அந்தச் சாவு ஒருவருக்கும் தெரியாது. விண்டோ உயிரோட இருக்கும், பக்கம் மட்டும் நகராது. ரீச்சர் மாதிரி ஒருவருக்கு இது உறைந்த விண்டோவை விட மோசம். ஆகவே வேலைக்காரன் செய்கிற முழு வேலையையும் ஒரு பிழை பிடிக்கிற வலைக்குள் போட்டு, பிழை வந்தால் அதையும் ஒரு சீட்டாகக் கியூவில் போடுகிறோம். “பக்கம் 31 படம் பழுதாகியிருக்கு, இதை விட்டிட்டு அடுத்ததுக்குப் போறன்” என்று தமிழில் காட்டுகிறது. உங்களில் பிழையில்லை என்று அதில் எழுதலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். கொஞ்சம் நாடகத்தனம் என்று விட்டுவிட்டோம். இப்ப யோசித்தால் எழுதியிருக்கலாம்.

“பைதனில் ஜில் இருக்குத்தானே, அதனால த்ரெட் பாதுகாப்புத்தானே” என்று கம்பஸ் நண்பர்கள் வாதாடுவார்கள். ஜில் என்பது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பைதன் கோட்டை ஓட்டலாம் என்ற பெரிய பூட்டு. அது பைதனின் உள் வயிற்றைக் காப்பாற்றும். உங்கட கணக்கைக் காப்பாற்றும் என்று அது வாக்குத் தரவில்லை. ஒரு எண்ணை எடுத்து, கூட்டி, திரும்ப வைக்கிறது பல சின்னப் படிகள். நடுவில் அடுத்த த்ரெட்டுக்கு முறை மாறலாம். முறை மாற்றச் சொல்லிக் கேட்கிற இடைவெளி இயல்பாக ஐந்து மில்லி செக்கன். அதோட 2024 ஒக்டோபரில் வந்த பைதன் 3.13இல் ஜில் இல்லாத பதிப்பும் பரிசோதனையாக வந்துவிட்டது. ஜில்லை நம்பி எழுதின ஆக்களின் கோட் இனி என்ன பாடு படுமோ தெரியாது. சீட்டு எழுதிக் கியூவில் போடுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஜில்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. எங்களுக்கு த்ரெட் நன்றாக உதவியதுக்குக் காரணம், கனமான வேலையைச் செய்கிறது டெசரெக்ட் என்ற தனிப் புரோகிராம். எங்கட த்ரெட் அதைத் தொடங்கிவிட்டுச் சும்மா காத்திருக்கும், காத்திருக்கும்போது ஜில்லை விட்டுக்கொடுக்கும். பக்கத்தைச் சுத்தம் பண்ணுகிற வேலையை முழுக்கப் பைதனிலேயே எழுதினபோது கதை மாறியது: த்ரெட்டில் போட்டும் விண்டோ திக்கித் திக்கி நகர்ந்தது. அந்த மாதிரி வேலைக்கு த்ரெட் சரியில்லை, மல்டிபுரொசெசிங் என்று தனி புரொசெஸ் வேண்டும். வேகமாக்க ஆசைப்பட்டு நாலு டெசரெக்ட்டை ஒரே நேரத்தில் ஓட்டினபோதும் ஒரு பாடம் கிடைத்தது. நாலு கோர் இருந்தும் முன்னையை விட மெதுவாகப் போனது. டெசரெக்ட் தனக்குள்ளேயே பல த்ரெட் பாவிக்கிறது. நாலு பேர் வேலை செய்கிற சமையலறைக்குள் பதினாறு பேர்! ஒவ்வொரு டெசரெக்ட்டுக்கும் ஒரு த்ரெட்தான் என்று ஓஎம்பி எல்லையை ஒன்றுக்குக் குறைத்தபிறகுதான் வேகம் வந்தது.

டிகின்டரை விட்டு வேறொன்றுக்குப் போகிறவர்களுக்கும் இந்தச் சீட்டு முறைதான், பெயர் மட்டும் வேறு. பைகியூட்டியில் சிக்னல் என்பார்கள். வேறு த்ரெட்டில் இருக்கிற பொருளுக்கு அனுப்பினால் அது தானாகவே வரிசையில் போய்ச் சேரும். டபிள்யூஎக்ஸில் கோல்ஆஃப்டர், ஜிடிகேயில் ஐடில்அட். நாங்களும் பிறகு பைகியூட்டிக்கு மாறினோம், காரணம் த்ரெட் இல்லை, தமிழ். எங்கட லினக்ஸ் லப்டொப்பில் டிகே தமிழ் எழுத்தைச் சரியாகக் கோர்க்கவில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘கோணேசர்’ என்ற பெயரைக் கொம்பு குலைந்து பார்த்த ரீச்சர், கோயிலுக்குச் செய்த அவமரியாதை மாதிரி முகத்தைச் சுளித்தார். விண்டோஸில் அந்தப் பிரச்சினை இருக்கவில்லை. மாறும்போது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது, வேலைக்கார த்ரெட்டில் கிட்டத்தட்ட ஒன்றையுமே மாற்றத் தேவைப்படவில்லை. அதுக்கு விண்டோ என்று ஒன்று இருப்பதே தெரியாதே.

ரீச்சர் இப்ப கதிரையை முன்னால் இழுத்துவிட்டார். பக்கங்கள் பின்னால் வாசிபட்டுக்கொண்டிருக்க, முடிந்த பக்கங்களைத் திருத்துகிறார். எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார், தந்தோம். ஒருநாள் நடுவில் ‘நிறுத்து’வை அமத்தினார். ஓடிப்போய் என்ன ரீச்சர் என்று கேட்டோம். “ஒண்டுமில்லை தம்பி, இந்தப் பேரைப் பார்த்தன், கொஞ்சம் இருங்கோ” என்றார். பள்ளிக்கூட மலர் ஒன்றின் விளையாட்டுப்போட்டி முடிவுகள், 100 யார் ஓட்டம், இரண்டாமிடம். யாரென்று சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. பிறகு அவரே ‘தொடர்’ என்பதை அமத்தினார், முப்பத்தேழாம் பக்கத்திலிருந்து திரும்ப ஓடத் தொடங்கியது.

இப்ப கையில் இருக்கிற சிக்கல் புதுசு. ரீச்சர் ஒரு பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, அதே பக்கத்தை இன்னும் தெளிவான ஸ்கேனிலிருந்து வேலைக்கார த்ரெட் திரும்ப வாசித்து முடித்தால் யாருடைய எழுத்து நிற்கும்? பைலை எழுதுகிற வேலையை வேலைக்காரனிடமிருந்து எடுத்து மெயின் த்ரெட்டிடமே கொடுத்துவிட்டோம். அதனால் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதுகிற ஆபத்து இல்லை. ஆனால் புதிய சீட்டு வரும்போது ரீச்சர் கை வைத்த பக்கமா என்று முதலில் பார்க்கவேண்டும். கை வைத்த பக்கமென்றால் புது வாசிப்பு பக்கத்தில் தனியாக நிற்கும், அவர் பார்த்துச் சரி சொன்னால்தான் உள்ளே போகும். அடுத்த சனிக்கிழமை அதைத்தான் எழுதப்போகிறோம்.